ஒரே கிளையன்ட், மூணு யூடிடிஐ ரெஜிஸ்ட்ரி - ஒண்ணுல ஓடுது, ரெண்டுல படுத்துக்குது

இலந்தைக்குளம்_தம்பி:
அண்ணன்மாரே அக்காமாரே ஒரு உதவி. போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், டேக் பேரெல்லாம் தமிழ்லயே வரும், பொறுத்துக்கங்க. இலந்தைக்குளம் பக்கம் சின்ன கம்பெனி, லாரி ஆபீஸ்க்காரங்களுக்கு சரக்கு புக்கிங் சாஃப்ட்வேர் பண்றோம். அதுல ஒரு சோப் (எக்ஸ்எம்எல்ல மெசேஜ் அனுப்புற முறை) கிளையன்ட் இருக்கு, அது யூடிடிஐ ரெஜிஸ்ட்ரில (எந்த சர்வீஸ் எங்க இருக்குன்னு பதிஞ்சு வைக்கிற டைரக்டரி) போயி புக்கிங் சர்வீஸ் எங்க இருக்குன்னு கேட்டு, அட்ரஸ வாங்கி, அங்க ஆர்டர அனுப்பும். எழுதுனவரு வேலைய விட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு, இப்ப கோடு பூராம் என் தலையில.

ஆபீஸ்ல ஜேயூடிடிஐ 3ன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ரெஜிஸ்ட்ரி போட்டு வச்சிருக்கோம், அதுல ஜம்முனு ஓடுது. தேனில ஒரு கஸ்டமரு, அவங்ககிட்ட பழைய ஆப் சர்வரோட வந்த ரெஜிஸ்ட்ரி, அதுல எது கேட்டாலும் ஹெச்டிடிபி 500. மேலூர் கஸ்டமருகிட்ட வேற வெண்டர், யூடிடிஐ வி3 (வெர்ஷன் 3) தான்னு சொல்றாங்க, அங்க எரரே இல்ல ஆனா லிஸ்ட் காலியா வருது. ஸ்டாண்டர்டுன்னா எல்லாத்துலயும் ஓடணும்ல? மேனேஜரு தெனமும் "என்னப்பா ஆச்சு"ங்கிறாரு.

திருமங்கலத்தான்:
ஜேஏஎக்ஸ்ஆர்னு ஜாவாவுல ரெஜிஸ்ட்ரிகிட்ட பேசறதுக்கு ஒரு ஏபிஐ இருக்கு, அத யூஸ் பண்ணு தம்பி. எந்த வெண்டரா இருந்தாலும் ஒரே ஏபிஐ, கனெக்‌ஷன்ல குவெரி மேனேஜர் யூஆர்எல்ல மட்டும் மாத்திவிட்டா போதும். அதுக்குன்னு செஞ்சது தான அது.

பழைய_ஜாவா:
அண்ணே, அது வி2 காலத்து சாமான். யூடிடிஐ பக்கம் அது பேசறது வி2 மட்டும் தான், மேலூர்ல போயி முழிக்கும். ஜாவா இஇ 7லயே அத விருப்பம் இருந்தா வச்சுக்கன்னு தள்ளி வச்சுட்டாங்க. இனிமே புதுசா அதுல போயி கால விடவேணாம்.

தம்பி, வெறும் 500ன்னா நாங்க என்னத்த சொல்றது. யூடிடிஐல அப்ளிகேஷன் எரரெல்லாம் சோப் ஃபால்ட்டா தான் வரும், ஃபால்ட்டுன்னா ஸ்டேட்டஸ் 500 தான், சர்வர் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பாடிய தொறந்து பாருங்க, உள்ள டிஸ்பொசிஷன் ரிப்போர்ட்டுன்னு ஒரு டேக் கெடக்கும், அதுல எரர் நம்பரு இருக்கும். அத போடுங்க.

இலந்தைக்குளம்_தம்பி:
அண்ணே பாத்தேன். கூத்து என்னன்னா எங்க கோடு 200 இல்லன்னா பாடிய படிக்கவே படிக்காது, எக்செப்ஷன தூக்கிப்போட்டு போயிரும். இத்தன நாளா பதிலு வந்துக்கிட்டே தான் இருந்திருக்கு, நாங்கதான் பிரிச்சு பாக்கல. இப்ப பிரிண்ட் பண்ணா 10040, இ_அன்ரெகக்னைஸ்டு வெர்ஷன்.

இன்னொரு கூத்து, கான்ஃபிக் ஃபைல்ல டீஃபால்ட்டா ஏதோ ஒரு பப்ளிக் ரெஜிஸ்ட்ரி அட்ரஸ் கெடக்கு, அடிச்சா எதுவும் வரல.

பழைய_ஜாவா:
அந்த பப்ளிக் ரெஜிஸ்ட்ரிய 2006 ஜனவரியிலயே இழுத்து மூடிட்டாங்க தம்பி, ஐபிஎம்மு மைக்ரோசாஃப்ட்டு எஸ்ஏபி மூணு பேருஞ்சேந்து. அந்த வரிய மொதல்ல அழிங்க.

10040க்கு வருவோம். தேனி பெட்டி வி2, நீங்க அனுப்புறது வி3. வி2ல நேம்ஸ்பேஸ் (டேக் எந்த வெர்ஷனோடதுன்னு சொல்ற அடையாளம்) ஏபிஐ_வி2ன்னு முடியும், ரூட் டேக்ல ஜெனரிக்னு ஒரு ஆட்ரிபியூட்டுல 2.0ன்னு இருக்கணும். வி3ல நேம்ஸ்பேஸ் ஏபிஐ_வி3, ஜெனரிக்கே கெடையாது. வி3 ஓயாசிஸ் ஸ்டாண்டர்டா ஆனதே 2005ல தான், அதுக்கு முந்தி வாங்குன பெட்டியில வி2 தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே போங்க. உங்க ஜேயூடிடிஐ புது வெர்ஷனா இருந்தா அதுலயே வி2க்குன்னு தனி அட்ரஸ் இருக்கும், இன்கொயரிவி2ன்னு முடியும், தேனிக்குப் போகாம ஆபீஸ்லயே டெஸ்ட் பண்ணிக்கலாம்.

வெர்ஷன கோடுல எழுதாதீங்க, ரெஜிஸ்ட்ரி வாரியா கான்ஃபிக்ல வைங்க. இன்கொயரி (தேடுற) அட்ரஸ், வெர்ஷன், அப்பறம் டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) வாங்குற அட்ரஸ். இப்ப நீங்க தேட மட்டும் தான் செய்யிறீங்க, நாளைக்கு பப்ளிஷ் பண்ணச் சொன்னா அங்கயும் இடிக்கும், ஏன்னா வி2ல டோக்கன பப்ளிஷ் அட்ரஸ்லயே குடுப்பாங்க, வி3ல செக்யூரிட்டிக்குன்னு தனி வாசல்.

சிம்மக்கல்_அக்கா:
மேலூர் மேட்டர நான் பாக்குறேன். தம்பி, ஆபீஸ் ரெஜிஸ்ட்ரில சர்வீஸுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க, மேலூர்ல என்ன பேரு?

இலந்தைக்குளம்_தம்பி:
ஆபீஸ்ல வெறும் "புக்கிங்" தான்க்கா. மேலூர்ல "புக்கிங் சர்வீஸ் மெயின்". கோடு "புக்கிங்"னு தேடுது. தேனிலயும் பேரு நீளம் தான்.

சிம்மக்கல்_அக்கா:
அவ்வளவு தான், சிக்கிருச்சு. வி2ல பேர வச்சு தேடுனா ஆரம்ப எழுத்து பொருந்துனாலே குடுத்துரும். நம்ம மதுரையில "கீழ"ன்னு சொன்னா கீழ சித்திரை வீதி, கீழ ஆவணி மூல வீதி, கீழ மாசி வீதி, கீழ மாரட் வீதி, கீழ வெளி வீதின்னு பூராத்தையும் ஒருத்தரு சொல்லுவாருல்ல, அந்த மாதிரி ஆளு. வி3 ஆளு அப்படி இல்ல, "கீழ"ன்னு ஒரு வீதி கெடையாதுப்பான்னு சொல்லிட்டு டீயக் குடிக்கப் போயிருவாரு. அங்க ஒண்ணும் சொல்லலன்னா எக்ஸாக்ட் மேட்ச் தான். ஃபைண்ட் குவாலிஃபையர்ல (எப்படித் தேடணும்னு சொல்ற டேக்) அப்ராக்சிமேட் மேட்ச்னு போட்டு, பேருக்குப் பின்னாடி % வைக்கணும். ஒண்ணும் கெடைக்கலன்னா அது எரர் இல்ல, காலி லிஸ்ட்டு தான் வரும், அதனால தான் உங்க லாக்ல சத்தமே இல்ல.

உங்க ஆபீஸ்ல ஓடுனது பேரு தற்செயலா அச்சு அசலா பொருந்துனதால. டெஸ்ட் டேட்டாவ இப்படி செல்லமா வளக்கக் கூடாது தம்பி.

இலந்தைக்குளம்_தம்பி:
அக்கா நீங்க நல்லா இருக்கணும், மேலூர்ல லிஸ்ட் வந்துருச்சு!! ஆனா இப்ப ஆர்டர அனுப்புனா சர்வர் 405ங்குது. அட்ரஸ் கடைசில கேள்விக்குறி போட்டு டபிள்யூஎஸ்டிஎல்னு இருக்கு.

சிம்மக்கல்_அக்கா:
அக்சஸ் பாயின்ட் டேக்ல யூஸ்டைப்னு ஒரு ஆட்ரிபியூட் இருக்கும், என்ன போட்டுருக்கு பாருங்க. எண்ட்பாயின்ட்னு இருந்தா அந்த அட்ரஸுக்கே ஆர்டர அனுப்பலாம். டபிள்யூஎஸ்டிஎல் டிப்ளாய்மென்ட்னு இருந்தா அது டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலோட (சர்வீஸ எப்படி, எங்க கூப்பிடணும்னு எழுதி வச்ச ஃபைல்) அட்ரஸ், அத எறக்கி உள்ள சர்வீஸ் பகுதில இருக்குற அட்ரஸ எடுத்து அங்க அனுப்பணும். நீங்க ஆர்டரக் கொண்டுபோயி விலாசச் சீட்டு மேலயே வச்சுட்டு வந்திருக்கீங்க.

இலந்தைக்குளம்_தம்பி:
அதே தான்க்கா, டிப்ளாய்மென்ட்னு தான் இருக்கு. மாத்திட்டேன், மொத ஆர்டரு போயிருச்சு. ஆனா ரெண்டாவது ஆர்டருக்கு 10210, இன்வேலிட் கீ. மொத தடவ பேர வச்சு தேடுறோம், அப்ப வர்ற சர்வீஸ் கீய டேட்டாபேஸ்ல போட்டு வச்சு அடுத்த தடவ அத வச்சு கேக்குறோம். அதே கீ தான்க்கா, நான் தொடவே இல்ல.

பழைய_ஜாவா:
டேட்டாபேஸ்ல அந்த கீய வைக்கிற கட்டம் எத்தன எழுத்து?

இலந்தைக்குளம்_தம்பி:
36...

பழைய_ஜாவா:
ஹா ஹா. வி2ல சர்வீஸ் கீன்னா வெறும் யூயூஐடி (ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராத ஐடி), 36 எழுத்துல அடங்கிரும். வி3ல யூடிடிஐன்னு ஆரம்பிச்சு கோலன், டொமைன் பேரு, இன்னொரு கோலன், அவங்க இஷ்டத்துக்கு ஒரு பேருன்னு நீட்டிக்கிட்டே போவாங்க, 255 வரைக்கும். உங்க டேட்டாபேஸ் வாயத் தொறக்காம வால வெட்டிருச்சு. 255 ஆக்குங்க. அப்பறம் ஒரு ரெஜிஸ்ட்ரி கீய இன்னொரு ரெஜிஸ்ட்ரில குடுக்காதீங்க, கீ பக்கத்துலயே எந்த ரெஜிஸ்ட்ரின்னும் ஒரு கட்டம் வைங்க.

அதோட, ஒவ்வொரு ஆர்டருக்கும் ரெஜிஸ்ட்ரிய போயி கேக்கவேணாம். வாங்குன பைண்டிங்க (சர்வீஸோட அட்ரஸ் விவரம்) கேஷ்ல, அதாவது உங்ககிட்டயே சேமிச்சு வச்சுக்கங்க, ஆர்டர் அனுப்புறது ஃபெயில் ஆனா மட்டும் மறுபடி கேளுங்க, அட்ரஸ் மாறியிருந்தா புதுசுல அடிங்க, மாறலைன்னா அது நெசமாவே சர்வீஸ் படுத்தது. இது ஸ்பெசிஃபிகேஷன்லயே சொல்லியிருக்க முறை தான்.

இலந்தைக்குளம்_தம்பி:
ஆல்டர் பண்ணிட்டேண்ணே, மேலூர் ஓடுது. வி2க்கு தனி கிளாஸ், வி3க்கு தனி கிளாஸ், வெளிய இருந்து பாத்தா "பேரக் குடு, அட்ரஸ வாங்கு" அவ்வளவு தான். ஆபீஸ் வி2 அட்ரஸ்லயும் ஓடிருச்சு. நாளைக்கு வெள்ளன ஆரப்பாளையத்துல பஸ் ஏறி தேனிக்குப் போறேன்.

சிம்மக்கல்_அக்கா:
பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, தேனில சர்வீஸ ரெஜிஸ்டர் பண்ணது யாரு, அட்ரஸ் லோக்கல்ஹோஸ்ட்டுன்னு (அந்தந்த மெஷின் தன்னையே சொல்லிக்கிற பேரு, வெளிய இருந்து போனா வேலைக்கு ஆகாது) கிடக்கான்னு அவங்கள போன் போட்டு பாக்கச் சொல்லுங்க.

இலந்தைக்குளம்_தம்பி:
கேட்டேன்க்கா. லோக்கல்ஹோஸ்ட் தான் 🤦