டர்போ பாஸ்கல் 5.5 ஆப்ஜெக்டுகளைப் படிக்க உதவி தேவை

வணக்கம். டாஸ் காலத்து ஆட்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

நண்பரின் அப்பா டர்போ பாஸ்கல் 5.5-இல் (பாஸ்கல் மொழிக் கம்பைலர்; 1989, ஆப்ஜெக்ட் வசதியோடு வந்த முதல் பதிப்பு) எழுதிய சரக்குக் கணக்கு மென்பொருள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சோர்ஸ் கிடையாது, இஎக்ஸ்இ-யும் டேட்டா ஃபைலும்தான். டாஸ்பாக்ஸில் (டாஸ் எமுலேட்டர்) ஜோராக ஓடுகிறது. தகவலை வெளியே எடுப்பதுதான் பாடு.

மனிதர் ஆப்ஜெக்டை நினைவகத்தில் இருப்பதுபோல் அப்படியே ஃபைலில் பிளாக்ரைட் செய்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு பதிவின் நடுவிலும் 2 பைட் விஎம்டி (ஒவ்வொரு ஆப்ஜெக்ட் வகைக்கும் உள்ள வர்ச்சுவல் மெத்தட் அட்டவணை) முகவரி உட்கார்ந்திருக்கிறது. அடிப்படை ஆப்ஜெக்டின் புலங்கள் அதற்கு முன்னால், வாரிசின் புலங்கள் பின்னால். மறுபடி கம்பைல் செய்தால் மாறிவிடும் முகவரியைப் போய் யாராவது டிஸ்கில் எழுதுவார்களா! சரி, அந்தக் காலம்.

ஃபைலில் மூன்று விதமான விஎம்டி எண்கள் தெரிகின்றன, ஆக மூன்று வகை ஆப்ஜெக்ட். விஎம்டியின் முதல் வேர்டில் ஆப்ஜெக்டின் அளவும் இரண்டாவதில் அதன் எதிர்மறையும் இருக்கும் என்பதால், இஎக்ஸ்இ-க்குள் தேடினால் பதிவுகளின் நீளம் கிடைத்துவிடும். ஆனால் இஎக்ஸ்இ-க்குள் டேட்டா செக்மெண்ட் (விஎம்டிகள் இருக்கும் தரவுப் பகுதி) எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரீ பாஸ்கலில் (இன்றைய இலவசக் கம்பைலர்) இந்த மாதிரி ஃபைலைப் படித்தவர்கள் யாராவது உண்டா? அதில் விஎம்டி முகவரி பொதுவாக 4 அல்லது 8 பைட் என்பதால் நேரடியாகப் படிக்க வழியில்லை.