ரூட்டர் மேசை நடுவில் தொய்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மரப் பட்டறைக்கு நானே ஒரு ரூட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் மின்கருவி) மேசை செய்தேன். மேற்பலகை 18 மி.மீ. பிளைவுட், நடுவில் 6 மி.மீ. அக்ரிலிக் தகடு பதித்து, வெட்டுமுனை மேலே நீட்டி நிற்கும்படி ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டே மாதத்தில் நடுப்பகுதி ஏறக்குறைய 1 மி.மீ. தொய்ந்துவிட்டது. வேலை முடிந்ததும் ரூட்டரைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், சோம்பல்!

இப்போது நீளமான மரச்சட்டத்தில் காடி (நீள் பள்ளம்) எடுத்தால் முனைகளில் ஆழம் கூடுகிறது, நடுவில் குறைகிறது. அடியில் இன்னொரு பிளைவுட்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குவதா, குறுக்குக் கட்டைகள் கொடுத்துத் தாங்குவதா? அலுமினியத் தகடு மட்டும் மாற்றினால் போதுமா? மரத்தை அணைத்துத் தள்ளுவதற்கான வழிகாட்டிச் சட்டம் நேராகவே நிற்கிறது, அதில் குறையில்லை.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் மேசையின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். எல்லோரும் மேற்பக்கத்தை மட்டுமே காட்டுகிறார்கள்.