அம்மா தண்ணீரே குடிப்பதில்லை, வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு 74 வயது, வேலூரில் என்னோடுதான் இருக்கிறார். பத்து நாளாக உதடு வெடித்திருக்கிறது, சிறுநீர் அடர் மஞ்சளாக நாளுக்கு இரண்டு மூன்று முறைதான், கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மூட்டுவலியோடு ராத்திரி பாத்ரூமுக்கு நடக்க வேண்டுமே என்ற பயத்தில் தண்ணீரைக் குறைத்துவிட்டார், தாகமே இல்லை என்கிறார், வயதானால் தாகம் சரியாகத் தெரியாதுதான். மருத்துவர் பார்த்துவிட்டு, நீர்ச்சத்துக் குறைவு, இதயம் சிறுநீரகம் சரியாக இருக்கிறது, ஒன்றரை லிட்டராவது கொடுங்கள் என்றார்.

ஓஆர்எஸ் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், கரிக்கிறது என்று ஒரு மடக்கோடு வைத்துவிட்டார். மோர், இளநீர், போனில் அலாரம் எல்லாம் பார்த்தாச்சு. காலையில் ஊற்றி வைத்த சொம்பு சாயங்காலமும் அப்படியே இருக்கிறது, மேலே ஒரு எறும்பு மிதக்கிறது.

பாத்ரூமுக்குப் பயந்து குடிக்காத பெரியவர்களை உங்கள் வீட்டில் எப்படிக் குடிக்க வைத்தீர்கள்?