காவல் குதிரைகளின் இரத்தப் பரிசோதனையில் பணிச்சுமையை எப்படிப் படிப்பது?

கேள்வி – லாய மருத்துவர்

வணக்கம். காவல்துறைக் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் கால்நடை மருத்துவப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் குதிரைகள் வழக்கமான நாட்களில் நான்கைந்து மணி நேரம் ரோந்து செல்கின்றன. அதில் பெரும்பகுதி நடைதான். இடையிடையே சிறிது துள்ளோட்டம் உண்டு. மீதி நேரம் சேணத்தையும் வீரரையும் சுமந்தபடி ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஊர்வலம், விளையாட்டுப் போட்டி போன்ற கூட்டப் பணிகளில் கடக்கும் தூரம் இன்னும் குறைவு. ஆனால் இரைச்சலும் நெருக்கடியும் அதிகம்.

பணி முடிந்து லாயம் திரும்பியவுடன் கழுத்துச் சிரையிலிருந்து எடுக்கும் இரத்த மாதிரிகளின் முடிவுகளைச் சில மாதங்களாகத் தொகுத்து வருகிறேன். கூட்டப் பணி நாட்களில் இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதமும், அதாவது பி.சி.வி.யும், குளுக்கோசும் ரோந்து நாட்களைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கின்றன. கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட்டோ இரு வகை நாட்களிலும் ஓய்வு நிலையை ஒட்டியே இருக்கிறது. தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே., பெரும்பாலும் எல்லைக்குள்தான் வருகிறது. ஒரு குதிரைக்கு மட்டும் தசையிலும் கல்லீரலிலும் உள்ள ஏ.எஸ்.டி. நொதி ஒவ்வொரு முறையும் உயர்ந்தே காணப்படுகிறது. வெயில் நாட்களில் குளோரைடு குறைகிறது. பல குதிரைகளில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மேல் எல்லையைத் தாண்டுகிறது, ஆனால் கல்லீரல் நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை.

இந்த எண்களை வைத்து, குதிரைகள் அளவுக்கு மீறி வேலை வாங்கப்படுகின்றனவா என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லும்படி மேலதிகாரிகள் கேட்கிறார்கள். நூல்களில் கிடைப்பவையெல்லாம் பந்தயக் குதிரைகளையும் நெடுந்தூர ஓட்டக் குதிரைகளையும் பற்றிய அளவுகள். எங்கள் குதிரைகளின் வேலை இரண்டிலும் சேராதது. இம்முடிவுகளை எவ்வாறு பொருள்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் – உடலியங்கியல் ஆசிரியர்

மருத்துவருக்கு வணக்கம். உங்கள் தொகுப்பில் இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன: ஒன்று தசை செய்த வேலை, மற்றொன்று குதிரையின் மனக்கிளர்ச்சி. பந்தயக் குதிரையில் இவை இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதால் பிரித்துப் பார்க்கும் தேவை எழுவதில்லை. காவல் குதிரையிலோ தசை ஏறக்குறைய ஓய்ந்திருக்க, நரம்பு மண்டலம் மட்டும் உச்சத்தில் இருக்கும் பொழுதுகள் பல உண்டு.

பி.சி.வி.யிலிருந்து தொடங்குகிறேன். குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களில் பெரும்பங்கைச் சேர்த்து வைத்திருக்கும் உறுப்பு. அட்ரினலின் சுரந்ததும் அது சுருங்கி அவ்வணுக்களை ஓட்டத்தில் தள்ளிவிடுகிறது. ஓய்வில் 32 முதல் 46 விழுக்காடு வரை இருக்கும் பி.சி.வி., நாலுகால் பாய்ச்சலில் 60-ஐத் தாண்டுவது இதனால்தான். ஆனால் மண்ணீரல் சுருங்குவதற்குக் குதிரை ஓட வேண்டிய அவசியமே இல்லை. வெடிச்சத்தம் கேட்டாலோ, முன்பின் அறியாத ஒருவர் ஊசியோடு லாயத்துக்குள் நுழைந்தாலோ கூடப் போதும். குளுக்கோஸ் உயர்வுக்கும் அதே அட்ரினலின்தான் காரணம். கல்லீரல் தன் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜனை உடைத்து இரத்தத்தில் விடுகிறது. ஆகவே கூட்டப் பணி நாட்களில் இவ்விரண்டும் உயர்ந்து, லாக்டேட் உயராமல் இருப்பது, அந்தக் குதிரைகள் உழைத்ததைவிட அதிகமாகப் பதற்றப்பட்டிருக்கின்றன என்பதற்கான சான்று.

லாக்டேட் ஏன் அசையவில்லை என்பதற்கு விடை எளிது. ஓய்வில் அது லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். காற்றில்லாச் சுவாசம் மேலோங்கத் தொடங்கும் எல்லையாக 4 மில்லிமோலை வைத்துக்கொள்வது வழக்கம். பந்தயம் முடிந்த குதிரையில் அது 20-ஐயும் தாண்டும். குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கிறது, நடையில் 60 முதல் 80 வரை, உச்ச ஓட்டத்தில் 220-க்கும் மேல். துடிப்பு 150-ஐத் தாண்டாத வரை லாக்டேட் பெரிதாகத் தேங்குவதில்லை. ரோந்துப் பணி அந்த எல்லையின் அருகில்கூடப் போகாது. எனவே லாக்டேட் இயல்பாக இருக்கிறது என்று எழுதி, பணி இலகுவானது என்ற முடிவுக்கு யாரேனும் வருவார்களானால், அந்த வேலைக்குப் பொருந்தாத அளவுகோலால் அளந்தவர்களாவார்கள்.

நீண்ட நேர, குறைந்த தீவிர வேலையில் தசை முதன்மையாகக் கொழுப்பை எரிக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் தனிக் கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் மணிக்கணக்கில் மெல்ல ஏறுவதே ரோந்தின் உண்மையான தடம். உங்கள் பட்டியலில் அவை இல்லை. சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் பணிக்கு முந்தைய, பிந்தைய உடல் எடையும் மொத்தப் புரதமும் அதைவிட மலிவாக நிறையச் சொல்லும்.

குளோரைடு விஷயம் உண்மையான உழைப்பின் அடையாளம். மனித வியர்வை பிளாஸ்மாவைவிட நீர்த்தது. குதிரையின் வியர்வையோ பிளாஸ்மாவுக்குச் சமமான அல்லது அதைவிடச் செறிவான உப்புக் கரைசல். அதில் குளோரைடும் பொட்டாசியமும் பிளாஸ்மாவில் இருப்பதைவிட அதிகம். குளோரைடு குறையும்போது சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தக்கவைத்துக்கொள்வதால் இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. இது பந்தயக் குதிரையின் அமிலத்தன்மைக்கு நேர் எதிரான திசை. இன்னொரு சிக்கலும் உண்டு. நீரோடு உப்பும் சேர்ந்தே வெளியேறிவிடுவதால் பிளாஸ்மாவின் செறிவு உயராது. செறிவு உயராததால் தாகமும் எழாது. உடல் வற்றிய நிலையிலும் தொட்டியருகில் நின்றுகொண்டு நீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் குதிரையை நம்பி, அதற்குத் தாகமில்லை என்று விட்டுவிடக் கூடாது. இழந்த உப்பைத் தீவனத்தோடு கொடுத்தால் தாகம் திரும்பும். அப்போது நீர் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

பிலிருபினைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். உணவு இடைவெளி நீண்டால் குதிரையின் இரத்தத்தில் இணைவுறாத, அதாவது கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத, பிலிருபின் ஏறுவது அவ்வினத்தின் இயல்பு. பணி நேரத்தோடு வண்டிப் பயணத்தையும் காத்திருப்பையும் சேர்த்து, கடைசியாக உலர்புல் கடித்ததிலிருந்து எத்தனை மணி நேரம் கடந்தது என்று குறித்து வாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

பதில் – ஆய்வகப் பணியாளர்

மேலே ஐயா கூறியவற்றோடு மாதிரி எடுக்கும் நேரத்தைப் பற்றிச் சில சொற்கள். லாயம் திரும்பியவுடன் எடுக்கும் ஒரே மாதிரியில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதுதான் இங்கு முதன்மையான இடையூறு என்று கருதுகிறேன். லாக்டேட்டைப் பார்க்க வேண்டுமானால் சில நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும். சி.கே. உச்சத்தை அடைவது வேலை முடிந்து 4 முதல் 6 மணி நேரத்தில். பிறகு விரைவாக இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. ஒரு நாள் கழித்தே உச்சத்துக்கு வந்து, ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஆக உடனடி மாதிரியில் சி.கே. இயல்பாக இருப்பது இன்றைய பணியால் தசை சேதமடையவில்லை என்பதை நிறுவாது. ஏ.எஸ்.டி. மட்டும் உயர்ந்து நிற்பது, சென்ற சில நாட்களில் அல்லது வாரங்களில் சேதம் நிகழ்ந்திருப்பதைக் காட்டலாம். கல்லீரலிலும் அந்த நொதி இருப்பதால், கல்லீரலுக்குரிய நொதியான ஜி.ஜி.டி.யையும் உடன் பார்த்துவிடுவது நல்லது. தசையில் ஊசி போட்டிருந்தாலோ, வண்டியில் நெடுந்தொலைவு சென்றிருந்தாலோ சி.கே. அதனாலேயே ஏறும், அதையும் படிவத்தில் எழுதி அனுப்புங்கள்.

குழாய்களிலும் கவனம் தேவை. குளுக்கோசுக்கும் லாக்டேட்டுக்கும் ஃபுளோரைடு குழாயைப் பயன்படுத்தாவிட்டால், வழியிலேயே இரத்த அணுக்கள் குளுக்கோசைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கிவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கப் பொட்டாசியம் உப்பு சேர்ந்த இ.டி.டி.ஏ. குழாயிலிருந்து பொட்டாசியமோ கால்சியமோ கேட்காதீர்கள். குதிரையின் சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைந்திருப்பதால், சீரம் லேசாகச் சிவந்திருந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. பெரிய அளவில் தீவனம் உண்ட ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரியும் வேண்டாம். செரிமான நீர் குடலுக்குள் இறங்குவதால் பி.சி.வி.யும் மொத்தப் புரதமும் உழைப்பில்லாமலேயே ஏறியிருக்கும்.

பதில் – குதிரையேற்றப் பயிற்றுநர்

இரத்தத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை; குதிரைகளைப் பற்றி ஒன்று சொல்லலாம். ஒரே ஊர்வலத்துக்குப் போய்வந்த இரு குதிரைகளில் ஒன்று உலர்ந்த தோலோடும் மற்றொன்று நுரை தள்ளிய கழுத்தோடும் திரும்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூரமும் எடையும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆதலால் எல்லாக் குதிரைகளின் எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்து மேலதிகாரிகளுக்குக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு குதிரையையும் அதன் பழைய எண்களோடு மட்டும் ஒப்பிடுவது நியாயமாக இருக்கும். பணியில் எத்தனை ஆண்டு பழகியது, அன்று ஏறியவர் யார், பக்கத்தில் நின்றது எந்தக் குதிரை என்பவற்றையும் பதிவேட்டில் சேர்க்கலாம். பதற்றமான வீரர் ஏறினால் குதிரை அதை உடனே உணர்ந்துகொள்கிறது.

மீண்டும் – லாய மருத்துவர்

மூவருக்கும் நன்றி. கேள்வி இரண்டு. முதலாவது, பதற்றத்தை அளக்க கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சேர்க்கலாமா? இரண்டாவது, ஏ.எஸ்.டி. உயர்ந்திருக்கும் அந்தக் குதிரையைப் பற்றி. அதன் ஜி.ஜி.டி. இயல்பாகவே உள்ளது. அது பெர்ஷெரான் கலப்பினம். வார விடுமுறைக்குப் பிந்தைய முதல் பணி நாளில் பின்னங்கால்கள் விறைத்து நடக்கத் தயங்குகிறது என்றும், ஒரு முறை சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருந்தது என்றும் அதைப் பராமரிப்பவர் சொல்கிறார். வீரர்கள் அதைச் சோம்பேறிக் குதிரை என்கிறார்கள்.

மீண்டும் – உடலியங்கியல் ஆசிரியர்

கார்ட்டிசாலைச் சேர்க்கலாம், ஆனால் தனித்த ஒரு மாதிரியால் பயனில்லை. அது காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும் ஹார்மோன். உழைப்பாலும் ஏறும், பயத்தாலும் ஏறும். பணியில்லாத நாளில், அதே லாயத்தில், அதே மணிக்கு எடுத்த மாதிரி இணையாக இருந்தால்தான் கூட்டப் பணி நாளின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். அதோடு வெள்ளையணுக்களைப் பாருங்கள். கார்ட்டிசாலின் தாக்கம் சில மணி நேரம் நீடித்தால் நியூட்ரோஃபில்கள் பெருகி லிம்போசைட்டுகள் குறையும். பி.சி.வி.யைப் பொறுத்தவரை, பணி முடிந்து ஓரிரு மணி நேரம் அமைதியாக நின்ற பிறகு மீண்டும் ஒரு முறை எடுங்கள். இறங்கியிருந்தால் மண்ணீரலின் வேலை. மொத்தப் புரதத்தோடு சேர்ந்து உயர்ந்தே நின்றால் நீரிழப்பு.

அந்தக் குதிரையைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது உழைப்பால் தசை சிதையும் நோயின் வரலாறு. வாரநாளெல்லாம் வேலை செய்து, விடுமுறையில் முழுத் தீவனத்தோடு கட்டிப்போடப்பட்ட வண்டிக் குதிரைகளுக்குத் திங்கட்கிழமை வருவதாக முற்காலத்திலேயே அறியப்பட்ட நோய் இது. பெர்ஷெரான், பெல்ஜியன் போன்ற பாரம் இழுக்கும் இனங்களிலும் அவற்றின் கலப்பினங்களிலும் இதற்கொரு பரம்பரைக் காரணம் உண்டு. ஜி.ஒய்.எஸ்.1 மரபணுவின் பிறழ்வு 2008-இல் கண்டறியப்பட்டது. அதனால் தசையில் கிளைகோஜனும் இயல்பற்ற சர்க்கரைச் சங்கிலிகளும் தேங்குகின்றன. அமைதியும் உடல்வலுவும் கருதிக் காவல் பணிக்கு இத்தகைய கலப்பினங்கள் விரும்பப்படுவதால், இந்தச் சோதனையைக் குதிரையை வாங்கும்போதே செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினாலே போதும்.

அதுவரை ஒரு சிறு சோதனை செய்யலாம். ஓய்வில் ஒரு மாதிரி எடுத்துவிட்டு, 15 நிமிடம் இலேசான துள்ளோட்டம் கொடுத்து, 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறு மாதிரி எடுங்கள். சி.கே. மும்மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்தால் ஐயம் உறுதிப்படும். விறைப்பின் அறிகுறி தெரிந்த நொடியே சோதனையை நிறுத்திவிடுங்கள். நடக்கவைத்தால் சரியாகிவிடும் என்று இழுத்துச் செல்வது சேதத்தைப் பெருக்கும். சிறுநீர் மீண்டும் பழுப்பாகத் தெரிந்தால் அது தசையிலிருந்து கசிந்த மையோகுளோபின் என்ற புரதம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்து, நீரேற்றத்தை முதலில் சரிசெய்யுங்கள். நீரிழப்பு தீராமல் வலிநிவாரணிகளைக் கொடுப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

சோதனையில் நோய் உறுதியானால், தானியத்தைக் குறைத்து, தேவையான ஆற்றலைக் கொழுப்பிலிருந்து கொடுத்து, விடுமுறை நாளிலும் அதை லாயத்தில் அடைத்து வைக்காமல் உடலை அசைக்கவைத்தால் பல குதிரைகள் பணியைத் தொடர்கின்றன. மேலதிகாரிகளுக்கான அறிக்கையில் இந்தக் குதிரைக்குத் தனிப்பத்தி ஒதுக்குங்கள். மற்றவற்றின் முடிவுகளோடு இதைக் கலந்தால் இரண்டு பக்கமும் தவறான படம் கிடைக்கும். மற்ற குதிரைகளைப் பொறுத்தவரை, தற்போதுள்ள எண்களைக் கொண்டு பணி நேரத்தைக் குறைக்கச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் வெயில் நாட்களில் நடுவே நீரும் உப்பும் உலர்புல்லும் கொடுக்கும் இடைவேளை ஒன்று வேண்டும் என்று எழுதுவதற்குக் குளோரைடும் பிலிருபினும் போதுமான ஆதாரம்.