ஒரு முறைதான் விசையை இழுத்தேன், இரண்டு அறைகள் வெடித்தன: கருமருந்துச் சுழல் ரைஃபிளில் எங்கே கோளாறு?

மேற்குக்காற்று (பென்சில்வேனியா)

வணக்கம். அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய துப்பாக்கிகளோடு மல்லுக்கட்டும் தமிழர்கள் இங்கே ஓரிருவராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது ரெமிங்டன் நிறுவனம் 1866 முதல் விற்ற சுழல் ரைஃபிளின் இத்தாலிய நகல். 0.44 காலிபர், ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர், எண்கோணக் குழல். ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈய உருண்டையை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி, பின்பக்க நிப்பிள்களில் (தீ உள்ளே போகத் துளையுள்ள சிறு முனைகள்) கேப் (சுத்தியல் அடித்தால் பொறி கிளப்பும் சிறு உலோகத் தொப்பி) மாட்டிச் சுட வேண்டும். இதைப் பயன்படுத்தியவரிடமிருந்து வாங்கினேன். உருண்டைப் பெட்டி, கேப் டப்பா எல்லாவற்றையும் அவரே சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் மூன்றாவது குண்டின்போது சத்தம் வேறு மாதிரி கேட்டது. தோளில் விழுந்த உதையும் வேறு. இறக்கிப் பார்த்தால், சுட்ட அறைக்கு இடப்பக்கத்து அறையும் காலி. அதன் கேப்பையும் காணோம். குழலின் இடப்பக்கத்தில் ஈயம் உரசிய சாம்பல் நிறக் கோடு ஒன்று நீளமாக விழுந்திருந்தது. என் இடக்கை விசைக்காப்புக்குக் கீழே இருந்ததால் விரல்கள் தப்பின.

இன்னொன்று. ஒவ்வொரு முறை சுடும்போதும் இடது முன்கையில் சுரீர் என்கிறது. சட்டையில் பொட்டுப் பொட்டாகக் கருகல். என் இடப்பக்கம் நின்ற நண்பரின் கன்னத்தில் ஈயச் செதில் ஒன்று கீறிவிட்டது.

மூன்றாவது, கேள்வியா ஆசையா என்று தெரியவில்லை. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவரிடம் அசல் கோல்ட் 1855 சுழல் ரைஃபிள் இருக்கிறது, 0.56 காலிபர். "ஒரு தடவை சுட்டுப் பாரேன்" என்கிறார். சுடலாமா?

---

பழையஇரும்பு (ஒஹாயோ)

தம்பி, முதலில் அந்தத் துப்பாக்கியை மூலையில் வையுங்கள். காரணம் தெரியும்வரை மருந்து போட வேண்டாம்.

உங்களுக்கு நடந்தது சங்கிலி வெடிப்பு. ஒரு அறை வெடிக்கும்போது எழும் தீ பக்கத்து அறைக்குத் தாவுவது. இந்த வகைத் துப்பாக்கிகளின் பிறவிக் குணம் இது. கைத்துப்பாக்கியில் இது நடந்தால் பெரும்பாலும் பயத்தோடு போய்விடும், ஏனென்றால் இரண்டு கைகளும் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும். ரைஃபிள் என்றதும் நம் இடக்கை தானாக முன்னே போய்க் குழலைத் தாங்கப் பார்க்கும். பக்கத்து அறையிலிருந்து கிளம்பும் உருண்டைக்குக் குழல் கிடையாது. நேரே அந்தக் கையின் வழியாகத்தான் போகும். சிலிண்டர் வலப்பக்கமாகச் சுழல்வதால், சுட்டு முடித்த அறைகள் வலப்பக்கம் ஒதுங்கிவிடும், மருந்து நிரம்பிய அடுத்த அறை எப்போதும் இடப்பக்கம் காத்திருக்கும். இடக்கைப் பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

ரெமிங்டன்காரர்கள் இதற்குக் குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையே வைக்கவில்லை. விசைக்காப்பின் அடிப்பகுதியைச் சுருட்டி நீட்டி, இடக்கையை அங்கேயே வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். நீங்கள் அங்கே பிடித்ததால்தான் இன்று பத்து விரல்களாலும் எழுதுகிறீர்கள்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: உருண்டையை நெம்புகோலால் அழுத்தும்போது அறையின் விளிம்பில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு விழுகிறதா? உருண்டையின் விட்டம் என்ன?

---

ஊசிமுனை

ஐயா முன்பக்கத்தையே பார்க்கிறார். நான் பின்பக்கத்தைச் சந்தேகிக்கிறேன். கேப் தளர்வாக இருந்தால் சுத்தியல் அடிக்கும் அதிர்ச்சியில் பக்கத்துக் கேப் கழன்று விழும், நிப்பிளின் துளை திறந்து கிடக்கும். அங்கே ஒரு பொறி நுழைந்தால் போதாதா? அவருடைய கேப் காணாமல் போயிருக்கிறதே!

---

பழையஇரும்பு

கேப் காணாமல் போனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்பக்கமாகத் தீப்பிடித்தாலும் அறைக்குள் எழும் அழுத்தம் நிப்பிள் வழியே வந்து கேப்பை ஊதித் தள்ளிவிடும். இந்த முன்பக்கம்–பின்பக்கம் வழக்கு கருமருந்துக்காரர்களிடையே தீராத வழக்கு. இரண்டையும் அடைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

---

மேற்குக்காற்று

வெர்னியர் வைத்து அளந்தேன். உருண்டை 0.451 அங்குலம். ஈய வளையம் விழவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாலே பாதி இறங்கிவிடுகிறது. துப்பாக்கியோடு வந்த தாளில் 0.454 என்று அச்சாகியிருக்கிறது.

கேப் 11ஆம் எண். மாட்டிய பிறகு துப்பாக்கியைக் கவிழ்த்தால் ஓரிரண்டு கழன்று விழுகின்றன. விற்றவர் "லேசாக நசுக்கி மாட்டினால் நிற்கும்" என்று சொல்லியிருந்தார்.

---

ஊசிமுனை

நசுக்கினால் வட்டமான கேப் முட்டை வடிவமாகிவிடும். இரண்டு பக்கம் பிடிக்கும், மற்ற இரண்டு பக்கம் வாய் பிளந்து நிற்கும். தீ நுழைய வாசல் வைத்துக் கொடுப்பது அது. 10ஆம் எண் வாங்கி மாட்டிப் பாருங்கள். தள்ளி மாட்டியதும் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். சுத்தியல் அடித்துத்தான் உட்கார வேண்டும் என்ற நிலையும் கூடாது. மாட்டும்போது குழல் இலக்குப் பக்கமே பார்த்திருக்கட்டும்.

---

பழையஇரும்பு

சரி, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஒருவனல்ல, இருவர்.

உருண்டை அறையைவிட ஓர் இழை பெரியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தும்போது விளிம்பு அதைச் சீவி, சுற்றிலும் ஈயம் ஒட்டிக்கொண்டு முத்திரை வைத்ததுபோல் அடைக்கும். 0.451 உங்கள் சிலிண்டருக்குத் தளர்ச்சி. தளர்ந்த உருண்டைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: முதல் இரண்டு குண்டுகளின் உதையில் மற்ற அறைகளில் இருப்பவை மெல்ல முன்னோக்கி நகரும். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே இடைவெளி விழுவது நல்லதல்ல.

மருந்துக்கு மேல் மெழுகு ஊறிய கம்பளி வட்டு ஒன்று, அதன்மேல் உருண்டை. சிலர் உருண்டையின் தலையில் கிரீஸ் பூசுவார்கள். வெயிலில் இரண்டு குண்டுக்குள் அது உருகி வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். எனக்கு வட்டுதான் பிடிக்கும். நேற்றுக்கூட ஒரு டப்பா தீர்ந்துபோய், கடைக்குப் போனால் அது ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது.

மருந்து விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். கைத்துப்பாக்கிக்கான பொடிநிலைக் கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாகவே தயாரிக்கப்பட்ட பைரோடெக்ஸ் போன்றவை. டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து வாங்கினால் அதன் வேகம் அதிகம், அளவில் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட இதற்குள் போகக் கூடாது. சிலிண்டர் கையெறிகுண்டாகிவிடும். மருந்துக் குடுவையை நேராக அறைமேல் கவிழ்க்காதீர்கள். ஏதாவது கங்கு மிச்சமிருந்தால் குடுவை முழுவதும் பற்றிக்கொள்ளும். தனி அளவுக் குழாயில் எடுத்துக் கொட்டுங்கள்.

முன்கையில் சுரீர் என்பதற்கு வைத்தியம் கிடையாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வெடிக்கும் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீய்ச்சும். கைத்துப்பாக்கியை நீட்டிப் பிடிக்கிறோம், முகம் தூரத்தில் இருக்கிறது. ரைஃபிளில் அது கன்னத்துக்கு அருகே நடக்கிறது. பெரிய கண்ணாடி, நீளமான தோல் கையுறை, தடித்த பருத்திச் சட்டை. உங்கள் நண்பரைப் பக்கத்தில் நிற்கவே விடாதீர்கள்; பின்னால் நிற்கட்டும். ஈயம் அதிகமாகப் பீய்ச்சினால், அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதும் நல்லது.

---

வரலாற்றுப்பித்தன் (நியூ ஜெர்சி)

எல்லோரும் பயமுறுத்திவிட்டீர்கள். இந்தச் சனியனை மனிதர்கள் ஏன் விரும்பினார்கள் என்றும் யாராவது சொல்ல வேண்டாமா?

1830களில் ஒரு சிப்பாய் ஒரு குண்டு சுட்டுவிட்டு, மறுபடி மருந்து இடித்து நிமிர்வதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். அந்தக் காலத்தில் எட்டுக் குண்டு தொடர்ந்து சுடும் ரைஃபிள் என்றால் எப்படி இருந்திருக்கும்! சாமுவேல் கோல்ட் 1836இல் இங்கே பேட்டர்சனில் தொடங்கிய ஆலையில் செய்தது அதைத்தான். விசைக்கு முன்னால் ஒரு வளையம் தொங்கும். அதை விரலால் இழுத்தால் சிலிண்டர் சுழன்று சுத்தியலும் ஏறிக்கொள்ளும். புளோரிடாவில் செமினோல் பழங்குடியினரோடு நடந்த போருக்காக 1838இல் ராணுவம் ஐம்பது வாங்கியது. நுணுக்கமான பொறி, அடிக்கடி பழுது, விலையும் அதிகம். 1842இல் கம்பெனி மூழ்கியது.

அடுத்து வந்ததுதான் உங்கள் பெரியவரிடம் இருக்கும் 1855. அதை வடிவமைத்தவர் எலைஷா ரூட், கோல்ட்டின் ஆலையை நடத்திய பொறியாளர். சுத்தியல் பக்கவாட்டில் இருக்கும். 0.56 காலிபரில் சிலிண்டர் பெரிதாகிவிடும் என்பதால் ஐந்து அறைகள்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்ற பெர்டனின் குறிபார்ப்புப் படைக்கு 1862 தொடக்கத்தில் இதைக் கொடுத்தபோது அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது ஷார்ப்ஸ் ரைஃபிள். அது வந்ததும் இதைக் கைகழுவிவிட்டார்கள்.

ஆனால் 1863 செப்டம்பர் 20 அன்று ஜார்ஜியாவின் சிக்கமாகா போரில் நடந்ததைப் பாருங்கள். வடக்குப் படையின் வலது பக்கம் உடைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெனரல் தாமஸ் மிச்சமிருந்தவர்களைக் குன்றின்மேல் நிறுத்தி எதிர்த்து நிற்கிறார். அந்த வரிசையின் வலது முனையில் 21ஆவது ஒஹாயோ காலாட்படை. கையில் இந்த ஐந்து குண்டு ரைஃபிள். ஏறி வந்த தெற்குப் படையினருக்கு, தாங்கள் மோதுவது ஒற்றை ரெஜிமென்ட் என்று நம்ப முடியவில்லை. ஒரே பகலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். தீர்ந்ததுதான் வினை: பக்கத்து ரெஜிமென்ட்டின் தோட்டா இதற்குப் பொருந்தாது. செத்தவர், காயம்பட்டவர் பைகளையெல்லாம் துழாவினார்கள். கடைசியில் மாலை இருட்டில் பலர் சிறைப்பட்டார்கள். அவர்களுடைய தளபதி ஸ்டவுட்டன் பட்ட காயத்திலிருந்து மீளவே இல்லை.

விரல் போகும் என்று தெரிந்தும் இந்தத் துப்பாக்கியை ஒருவன் ஏன் பிடித்தான் என்பதற்கு அந்தக் குன்றுதான் பதில். உலோகத் தோட்டாவோடு ஸ்பென்சர், ஹென்றி ரைஃபிள்கள் வந்த பிறகு இதற்கு வேலையில்லை. ரெமிங்டன் 1866க்குப் பிறகும் இதைச் செய்துகொண்டிருந்தது எனக்கு இன்றுவரை புரியாத பிடிவாதம். ஆயிரம்கூட விற்கவில்லை.

ஆசை அடங்கவில்லை என்றால் பேட்டர்சன் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் வாருங்கள். பழைய ரயில் என்ஜின் ஆலைக் கட்டடம். ஆரம்பகால கோல்ட்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.

---

புதியவன்22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்படி ஒரு நகலை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டலாமா? அமெரிக்காவில் இதற்கு உரிமமே வேண்டாம் என்கிறார்களே?

---

வரலாற்றுப்பித்தன்

விமான நிலையத்திலேயே தீபாவளி கொண்டாடிவிடுவார்கள். ஊரில் குழல் வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். இங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றையும், உலோகத் தோட்டா போட முடியாத கருமருந்து நகல்களையும் பழம்பொருள் என்று விலக்குகிறது. அதுவும் மத்தியச் சட்டம் மட்டுமே. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் தொட வேண்டாம்.

---

மேற்குக்காற்று

எல்லோருக்கும் நன்றி. 0.454 உருண்டையும் 10ஆம் எண் கேப்பும் வாங்கிவிட்டேன். அழுத்தியதும் தலைமுடி கனத்தில் முழு ஈய வளையம் சீவிக்கொண்டு வந்தது. ஆறு அறைக்கும் ஆறு வளையம். கம்பளி வட்டும் வைத்தேன். கேப் கவிழ்த்தாலும் நிற்கிறது. சனிக்கிழமை முழுவதும் சுட்டேன், ஒவ்வொன்றாகவே வெடித்தது. தோல் கையுறையில் கருகல் விழுந்திருக்கிறது, தோலில் இல்லை.

அசல் கோல்ட் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லையே?

---

பழையஇரும்பு

கையில் வாங்கிப் பாருங்கள், சுத்தியலை அவர் அனுமதித்தால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சுட வேண்டாம்.

அறைகளுக்குள் ஒரு சிறிய விளக்கை விட்டுப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுக் கருமருந்துக் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைப் பொத்துப் பொத்தாக அரித்திருக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவர் ஏற்கெனவே மெல்லியது. அரித்த பள்ளத்தில் ஈயம் முழுமையாக அடைக்காது, அங்கேயும் தீ தாவ வழி. நிப்பிள் துளைகளும் எரிந்து அகன்றிருக்கும். போதாததற்கு 1855 மாடலில் பலவற்றுக்கு முன்கட்டை உண்டு, கை அங்கேதான் போகும். அவருக்கு உடைந்தால் ஆயிரக்கணக்கான டாலர் நட்டம். உங்களுக்கு என்ன நட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது இருக்கட்டும், சனிக்கிழமை சுட்டதை அன்றைக்கே கழுவினீர்களா?

---

மேற்குக்காற்று

எண்ணெய் துணியால் துடைத்து வைத்தேன்.

---

பழையஇரும்பு

எண்ணெய் கசடைக் கரைக்காது, மூடித்தான் வைக்கும். இன்று இரவே சிலிண்டரைக் கழற்றுங்கள். நிப்பிள்களையும் திருகிக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். குழலில் துணி வெள்ளையாக வரும்வரை. சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும். அதற்குப் பிறகு எண்ணெய். வீட்டில் முட்டை அழுகிய வாடை வரும், கந்தகம்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.