இரண்டு ஆண் மீன், ஒரே தொட்டி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது? (சிங்கப்பூரில் மீன் வளர்ப்பவர்கள், அவரவர் பேட்டையின் பெயரில்)

ஈசூன்

போன மாதம் சிராங்கூன் நார்த் மீன் கடைகளைச் சுற்றிவிட்டு வரும்போது கையில் இரண்டு ஆண் சண்டை மீன்கள். நீலம் எனக்கு, சிவப்பு மகளுக்கு. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு இரண்டடித் தொட்டி. கடை அங்கிள் அப்போதே கையை ஆட்டி, சேர்த்துப் போடாதே என்று சொல்லிவிட்டார். சரி, நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் தீர்ந்தது என்று நினைத்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிச் செருகினேன்.

முதல் இரண்டு நாள் ஒரே வேடிக்கை. செவுள் மூடியைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு இரண்டும் தகட்டோடு ஒட்டி நிற்கும். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவாள். நான்காம் நாள் பார்த்தால் சிவப்பு சாப்பிடவே இல்லை. நீலன் தகட்டை ஒட்டியே மேலும் கீழுமாக நாள் முழுக்க நடை போடுகிறான்.

ஆறாம் நாள் காலையில் விளக்கைப் போட்டால் இரண்டும் ஒரே பக்கம். தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அது வழியாகக் குதித்திருக்கிறான் நீலன். சிவப்பின் வால் நனைந்த டிஷ்யூ மாதிரி கிழிந்து தொங்குகிறது. பாவம், ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தான். ஆனால் இந்த மீன் மேலே வந்து காற்றையும் விழுங்கியாக வேண்டும், செவுள் மட்டும் போதாது. மூச்சுக்கு மேலே வரும்போதெல்லாம் அங்கே நீலன் தயாராக நிற்கிறான். என்னால் பார்க்க முடியவில்லை. கோப்பிக் குவளையிலேயே அள்ளி வெளியே எடுத்தேன்.

இரண்டு ஆணை நிஜமாகவே சேர்த்து வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த மீனாக இருந்தாலும் சரி.

தோ பாயோ

தம்பி, அறுபதுகளில் எங்கள் கம்பத்து (கிராமத்து) பையன்கள் எல்லாரும் இந்த மீனோடுதான் வளர்ந்தோம். மலாய்க் கூட்டாளிகள் ஈக்கான் பெலாகா என்பார்கள். ஜாம் போத்தலில் ஒன்றொன்றாகப் போட்டு ஜன்னல் ஓரம் வரிசையாக வைப்போம். போத்தலுக்கும் போத்தலுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு. அந்த அட்டை இல்லாவிட்டால் மறுநாள் மீன் சோர்ந்துவிடும், சண்டைக்கு ஆகாது. நீங்கள் வைத்தது கண்ணாடித் தகடு. நாள் முழுக்க எதிரியின் முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் எப்படிச் சாப்பிடும்?

சாக்கடையில் பிடிக்கப் போகும்போது கவனித்திருக்கிறேன். புல் தண்ணீரில் சாய்ந்திருக்கும் இடத்தில் நுரைக்கூடு ஒன்று இருக்கும், ஒரு முழம் தள்ளி இன்னொன்று. கூட்டுக்கு ஒரு ஆண். எல்லை தாண்டினால் விரிப்பான், முட்டுவான், தோற்றவன் சட்டென்று புல்லுக்குள் போய்விடுவான். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜெயித்தவனும் தேடிப் போக மாட்டான். போத்தலில் போட்டால் அந்தத் தோற்றவனுக்குப் போக இடம் ஏது? ஐந்து காசு பந்தயம் கட்டி நாங்களும் விட்டுப் பார்த்திருக்கிறோம், அம்மாவிடம் விறகுக்கட்டையால் வாங்கியும் இருக்கிறேன்.

சிவப்பைத் தனியாக வையுங்கள். புளோக் அடியில் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரம் இருக்கும், தானாக விழுந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள், தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகும், அது நல்லது. எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். இப்போது குழாயில் வருவதில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரமின் இருக்கிறது, வாளியில் ஒரு இரவு வைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். அதை முறிக்கும் மருந்து சொட்டுதான் விட வேண்டும்.

பிடோக்

நான் சேர்த்துத்தான் வளர்க்கிறேன், சண்டை மீன் இல்லை, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன், ஆரட்டஸ். ஆனால் முதலில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மூன்றடித் தொட்டியில் ஆறு குஞ்சு வாங்கிவிட்டேன். ஆறும் மஞ்சள், கறுப்புக் கோடு. குஞ்சும் பெண்ணும் அப்படித்தான் இருக்கும். எட்டு மாதத்தில் ஒருவன் கறுக்க ஆரம்பித்தான். மஞ்சள் போய் உடம்பே கரி மாதிரி, கோடு மட்டும் வெளிறி. அன்று முதல் தொட்டி அவனுடையது. மூலையில் இருந்த கல் குகையிலிருந்து ஒரு வட்டம் போடுவான், மற்ற ஐந்தும் மேல் மூலையில் குழாயை ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். இரண்டு செத்தன. அவனைப் பிடித்துக் கடையில் கொடுத்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது.

பத்தே நாள். மிச்சம் இருந்ததில் ஒன்று கறுத்தது! நான் பெண் என்று நினைத்து எட்டு மாதம் சோறு போட்டவன். அடி வாங்காமல் இருக்க மஞ்சள் உடுப்பிலேயே ஒளிந்திருந்திருக்கிறான். பெரியவன் போனதும் நாற்காலியில் ஏறிவிட்டான். எனக்கு அலுவலக ஞாபகம் வந்ததைச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம்தான் முறை தெரிந்தது. நாலடித் தொட்டிக்கு மாற்றி, பதினைந்து மீன் ஆக்கினேன். கேட்க முட்டாள்தனமாக இருக்கும், ஆனால் கூட்டம் கூடினால் துரத்துபவனால் ஒருவனையே பிடித்துத் துரத்த முடியாது, அடி பங்காகிவிடும். தண்ணீர் சீக்கிரம் கெடும், அதனால் இரண்டு ஃபில்டர், வாரா வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றம். கல்லை மேற்பரப்பு வரைக்கும் அடுக்கினேன், இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாத மாதிரி. புது மீன் விடும் நாளில் கல் எல்லாவற்றையும் கலைத்து மாற்றி அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்துத்தான் விடுவேன். பழையவனுக்கும் தன் வீடு எது என்று தெரியக் கூடாது.

தோ பாயோ ஐயா சொன்ன புல்லும் என் கல்லும் ஒன்றுதான். இதையே சண்டை மீனுக்குச் செய்யலாம் என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள். அதைத் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள், லேசில் விட்டுக்கொடுக்காது.

பொங்கோல்

எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண் கப்பி, ஒரே தொட்டி. சண்டையே இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

உட்லண்ட்ஸ்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நெற்றி புடைத்த லூஹான் மீன் பைத்தியம் பிடித்து அலைந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நெற்றி புடைப்பு பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம், உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளில் நாலு நம்பர் லாட்டரிக்கான எண் தெரிகிறது என்பார்கள். என் வீட்டுக்காரரும் உற்று உற்றுப் பார்த்தார். ஒரு வெள்ளிகூட (டாலர்கூட) விழவில்லை.

அதற்கு இன்னொரு ஆண் வேண்டியதே இல்லை தம்பி. ராத்திரி ஹாலை இருட்டாக்கிவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் போட்டால், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தே முட்டும். உதடு வீங்கிவிடும். ஹால் விளக்கைப் போட்டால் அடங்கும். அந்த மோகம் போனதும் பலர் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது குற்றம், அங்கே இருக்கும் மீனுக்கும் கேடு. எங்களுடையது கடைசி வரை எங்களிடமே இருந்தது, தனியாக.

ஈசூன்

எல்லாருக்கும் நன்றி. சிவப்புக்குத் தனித் தொட்டி வாங்கியாயிற்று, இரண்டுக்கும் நடுவில் கறுப்பு அட்டை. இலை போட்டேன் ஐயா. வால் வளர்கிறது, புதிதாக வருவது நிறமே இல்லாமல் கண்ணாடி விளிம்பு மாதிரி இருக்கிறது, மகள் தினமும் அளந்து பார்க்கிறாள். நீலன் இன்னும் பழைய தகடு இருந்த இடத்தில் போய் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறான்.

பிடோக் அண்ணே, பதினைந்தில் இப்போது கறுப்பு எத்தனை?

பிடோக்

ஒன்று. ஆனால் நேற்றிலிருந்து இன்னொருவனுக்கு வயிற்றுப் பக்கம் லேசாக இருட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்லைக் கலைக்க வேண்டும்.