புதுப்பிப்பு: டூசானில் வாங்கிய கல் டர்க்காய்ஸ் இல்லை

அரிசோனாவில் டூசான் ரத்தினக்கல் சந்தையில் வாங்கிய நீலப்பச்சைக் கல்லின் படத்தைப் போட்டு, டர்க்காய்ஸ் என்ற ரத்தினக்கல்தானா என்று கேட்டிருந்தேனே, அது கிரைசோகொல்லா. செம்பு கலந்த சிலிகேட் கனிமம்.

பேனாக்கத்தியால் கீறியதும் நீலப் பகுதி மாவாக உதிர்ந்தது. டர்க்காய்ஸின் கடினம் (கீறலைத் தாங்கும் திறன், 1 முதல் 10 வரையான அளவில்) 5, 6 இருக்கும். இதற்கு 2 முதல் 4 வரைதான். பக்கத்தில் ஓடும் வெள்ளை வரியில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. அது குவார்ட்ஸ் (படிகக்கல்), கடினம் 7. அப்புறம், நாக்கில் வைத்தால் லேசாக ஒட்டுகிறது, அதுவும் கிரைசோகொல்லாவுக்கு ஒரு அடையாளம் (வீட்டில் பார்த்த பார்வையைக் கேட்காதீர்கள்).

ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் குவார்ட்ஸுக்குள்ளேயே ஊறி, வெளிச்சத்தில் பிடித்தால் கடல் தண்ணீர் மாதிரி தெரிகிறது. அங்கேயும் கீறல் விழவில்லை. இந்த வகைக்கு ஜெம் சிலிக்கா என்று பெயர். அரிசோனாவின் குளோப், மயாமி செப்புச் சுரங்கங்கள் இதற்குப் பேர்போனவை. மோதிரத்துக்கு அந்த ஓரம்தான் தேறும்.